பதில் அதிபர்

14 ஜனவரி 2008, திங்கள்

இன்றைக்கும் ஒரு அன்மார்க்னிங். நடத்தைக்கு வைக்கிற கறுப்புப் புள்ளி. ஆசிரியர் அறைக் கோப்பி மெஷினில் "இனிமேல் குரலுக்கு மட்டும் இயங்கும்" என்று அச்சடித்து ஒட்டியது நான். எங்கட றெக்டர், அதாவது பள்ளி அதிபர், மெஷினுக்கு முன்னால் நின்று "கஃபே! கஃபே!" என்று கெஞ்சியதைக் கதவு இடுக்கால் பார்த்துச் சிரித்தது என் வகுப்புத் தோழி ஃபோலா. பிடிபட்டது அந்தச் சிரிப்பால். ஆகவே குற்றம் அவளுடையது, புள்ளி எனக்கு.

தமிழில் எழுதுவதும் அவளால்தான். என் பையைக் கிண்டாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. கிண்டட்டும். ழ-வைப் பார்த்து முழிக்கட்டும்.

அம்மா பேசினா. அப்பா பேசவில்லை. அவர் ட்றிக், அதுதான் ட்ராம், ஓட்டுகிறவர். அடுத்த தரிப்பைச் சொல்லக்கூட அதில் பதிவுசெய்த குரல் இருக்கிறது. அப்பாவுக்கென்றே செய்த வேலை.

19 ஜனவரி, சனி

இன்றைக்கு நிறைய நடந்துவிட்டது. ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒஸ்லோ நடுவில், குறொன்லாண்டில் இருக்கிற ஃபோலா வீட்டுக்குப் போனேன். பொரித்த வாழைப்பழம். அவளுடைய அப்பா மிஸ்டர் ஃபரன்மி மேசை முழுக்கக் கடதாசி பரப்பியிருந்தார். நைஜீரியாவில் ஒகேலாரா கிராமர் ஸ்கூலுக்கு இந்த வருசம் ஐம்பது வயதாம். இவர் அங்கே படிக்கவில்லை. இவருடைய அப்பா அங்கே துணை அதிபராக இருந்தவர். விழா மலருக்கு அதிபர்களின் வரலாற்றை எழுத இவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.

சும்மா வாசித்தேன். முதலாவது ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். சைக்கிளில் வந்து சைக்கிளிலேயே போனவர். இரண்டாமவர் மணியைத் தானே அடிப்பாராம், வேறு ஒருத்தரையும் நம்பாமல். மூன்றாமவர் வாழைத்தோட்டம் போட்டுப் பிள்ளைகளைத் தண்ணி அள்ள விட்டவர். நாலாமவர் அரசியலுக்குப் போனவர். (எங்கட றெக்டரைப் பற்றி மலர் வந்தால்: கோப்பி மெஷினோடு கதைத்தவர்.)

ஐந்தாவது: மிஸ்டர் ரி. கனகரத்தினம், 1981–82.

கத்திவிட்டேன். கனகரத்தினம் என்றால் என் கடைசிப் பேர்! உண்மையில் அது அப்பப்பாவின் பேர். நோர்வேக்காரர் அதைத்தான் குடும்பப் பேர் என்று எங்கள் எல்லாருக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அப்பப்பா கொடிகாமம் தாண்டிப் போனதே இல்லை. அப்ப அது அப்பா! அவர் ஆபிரிக்காவில் படிப்பித்தவர் என்று தெரியும். ஆனால் சொல்வதெல்லாம் பிறகு வட நோர்வேயில் வேலை செய்த ஹம்மர்பெஸ்ட் மீன் பக்டரிக் கதைதான். அதிபர் என்று யார் கண்டது?

மிஸ்டர் ஃபரன்மி எழும்பி என் இரண்டு கையையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஏன் என்று அடுத்த வரியைக் காட்டினார்.

ஆறாவது: மிஸ்டர் தாயோ பரன், 1982–83. பரீட்சை வினாத்தாளை விற்றதால் நீக்கப்பட்டார்.

"தாயோ பரன் எண்டு எங்கட ஊரில ஒருத்தருக்கும் பேர் இல்லை. அது எழுத்துப் பிழையாம். விழா நடத்துறவை அதைத் தாயோ ஃபரன்மி எண்டு திருத்தப் போகினமாம்," என்றார்.

தாயோ ஃபரன்மி அவருடைய அப்பா. ஃபோலாவின் அப்பப்பா. அதற்கு அடுத்த வருசமே வீதி விபத்தில் செத்துப்போனார். அப்போது மிஸ்டர் ஃபரன்மிக்குப் பதினாலு வயது. தூரத்தில், லாகோசில், விடுதியில் படித்துக்கொண்டிருந்தார். செத்தவர் வந்து நான் இல்லை என்று சொல்ல மாட்டார்தானே.

"தனக்குப் பிறகு வந்தது ஆர் எண்டு ஐந்தாமவருக்குத் தெரிஞ்சிருக்கும். உன்ர அப்பாவை நான் பார்க்கலாமோ?"

கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ஃபோலா என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அங்கிருந்து தமிழ்க் கடைக்கு நடந்தேன். அப்பா சாமான் வாங்க வந்திருந்தார். என்னென்ன சொல்லி அவரை நக்கலடிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே கதவைத் திறந்தேன். கல்லாவில் நின்ற கிளெமென்ற் அண்ணை உள்ளே பார்த்துக் கத்தினார்: "தயாபரண்ணை! முருங்கைக்காய் வந்திருக்கு!"

தயாபரன்.

தயா பரன். தாயோ பரன்.

நான் ஒவ்வொரு நாளும் பேர்களைப் பிய்த்து விளையாடுகிறவள். நாங்கள் இருக்கிற மோர்டென்ஸ்ருட்டை மோர்-தேன்-ரொட்டி ஆக்கினவள். எனக்குத் தெரியாமல் போகுமா? முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்பாவுக்குப் பிறகு வந்த அதிபர், அப்பா!

முருங்கைக்காயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் அந்த வரியின் மிச்சம் ஞாபகம் வந்தது. பரீட்சை வினாத்தாளை விற்றதால்.

20 ஜனவரி, ஞாயிறு

ஒகேலாரா விசயமாக மிஸ்டர் ஃபரன்மி பார்க்க வர வேண்டுமாம் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். ஒகேலாரா என்றதும் அப்பா சாப்பாட்டில் இருந்து கையை எடுத்தார்.

"என்ன கதைக்க?"

"அதிபர்களைப் பற்றியாம்."

"கதைக்க ஒண்டும் இல்லை." கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வரட்டும்," என்றார்.

2 பெப்ரவரி, சனி

வந்தார். கோட் சூட். கையில் கேக். அப்பாவை "பிரின்சிபல், சேர்" என்று கூப்பிட்டார். ட்றிக் ஓட்டுகிற என் அப்பா வீட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நின்றார், அப்படி நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் இங்கிலிசில் கதைத்தார்கள். அப்பா முதல் நாலு அதிபர்களைப் பற்றியும் தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். பாதிரியாரின் சைக்கிள் அப்போதும் ஸ்ரோரில் கிடந்ததாம். நான் தேத்தண்ணித் தட்டோடு சுவரில் பல்லி மாதிரி.

பிறகு அந்தக் கேள்வி. "சேர், உங்களுக்குப் பிறகு வந்தது ஆர்? என்ர அப்பாவோ?"

அம்மா யன்னலைப் பார்த்தா. யன்னலில் ஒன்றும் இல்லை.

அப்பா சொன்னார்: "எனக்குப் பிறகு வந்தவரை எனக்கு வடிவாத் தெரியாது."

பொய்யும் இல்லை. உண்மையும் இல்லை. நானே இப்படி ஒரு வசனம் செய்ததில்லை. மிஸ்டர் ஃபரன்மி தலையை ஆட்டினார். நன்றி சொன்னார். வாசலில் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டக் கனநேரம் எடுத்தார்.

3 பெப்ரவரி, ஞாயிறு

கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேரும் நீங்கள்தானே!"

அப்பா பேப்பரை மடித்தார். "ஓம். எனக்கு ரெண்டு பேர். அவையின்ர லிஸ்ட்டிலையும் ரெண்டு பேர். அப்பிடியே கிடக்கட்டும்."

அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லை வைத்து விளையாடுகிறார், எனக்குச் சிரிக்க முடியவில்லை.

"நீங்கள் வித்தனீங்களோ?"

எழும்பிப் போய்விட்டார்.

அம்மாதான் சொன்னா, இடியப்பம் பிழிந்துகொண்டு, என்னைப் பாராமல். அப்பா அங்கே பதில் அதிபராம். அதிபர் இல்லாத இடத்துக்கு அரசாங்கம் தற்காலிகமாக இருத்துகிற ஆள். (பதில் சொல்லாத பதில் அதிபர். சரி, வாயை மூடு, துசா.) அமைச்சுக் கடிதத்தில் கனகரத்தினம் என்று இருந்ததாம். பிள்ளைகளுக்குத் தயாபரன் வாயில் வராது, அவர்களுக்கு மிஸ்டர் தாயோ பரன். முதல் வருசப் பதிவில் ஒரு பேர், அடுத்த வருசப் பதிவில் மற்றப் பேர், ஆள் இரண்டாகிவிட்டார்.

"எண்பத்திமூண்டு ஆடி. கொழும்பில அடிச்சுக் கொளுத்துறாங்கள். உன்ர பெரியப்பா அங்கை. ரேடியோவில வீடு எரியுது எண்டு மட்டும் சொல்லுது. ஆர் இருக்கினம் ஆர் இல்லை எண்டு அறிய லாகோசுக்குப் போய்க் கோல் எடுக்க வேணும். பூட்டின அலுமாரியில சோதனை வினாத்தாள், அதின்ர திறப்பு உன்ர கொப்பாட்டை. துணை அதிபர் கேட்டவராம், 'என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ, சேர்' எண்டு. கொப்பா குடுக்கேல்லை."

"ஏன்?"

"தான் வேற நாட்டுக்காரன், சின்ன வயசு. பொறுப்பு தன்ர எண்டு நினைச்சிருப்பார். அவரை நம்பாமலும் இருந்திருப்பார். வழியில களவு போயிடும் எண்டு திறப்பை வீட்டு அரிசிப் பேணிக்குள்ள ஒளிச்சுப்போட்டுப் போனவர். பெரியப்பா உயிரோட இருக்கிறார் எண்டு கேட்டுப்போட்டு பஸ்ஸில சிரிச்சுக்கொண்டு வந்தவராம். வந்து பார்த்தால் அலுமாரி திறந்து கிடக்கு, வினாத்தாள் சந்தையில விலைப்படுது."

"ஆர் எடுத்தது?"

"ஆருக்குத் தெரியும்? வித்தது இவர் எண்டு எழுதிப்போட்டு அனுப்பிவிட்டாங்கள். புது ஆள் வருமட்டும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது அந்தத் துணை அதிபர்தான். இவ்வளவையும் கலியாணத்துக்கு முதல் எனக்குச் சொன்னவர். பிறகு ஒருநாளும் கதைச்சதில்லை."

அப்பா விற்கவில்லை. ஃபோலாவின் அப்பப்பாவும் விற்கவில்லை. திறப்பு அவர் கையில் இருக்கவே இல்லை. இதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் என் அப்பா. ட்றிக் ஓட்டிக்கொண்டு திரிகிறார்.

11 பெப்ரவரி, திங்கள்

மலர் இந்த மாதம் அச்சுக்குப் போகிறதாம். ஃபோலாவின் அப்பா சாப்பிடுவதில்லையாம். நான் பகிடி விட்டேன், அவள் சிரிக்கவில்லை.

ஒரு யோசனை வந்திருக்கிறது. அப்பாவையும் காட்டிக்கொடுக்காமல், அவையளையும் காப்பாற்றலாம்.

மிஸ்டர் ஃபரன்மிக்குப் பள்ளிக் கம்பியூட்டரில் இருந்து ஒரு மெயில் அனுப்பியாச்சு. புது ஈமெயில் முகவரி. "ஐயா, தாயோ பரன் நான்தான். உங்கள் தந்தை அல்ல. உயிரோடு இருக்கிறேன், தேட வேண்டாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. கீழே: "இப்படிக்கு, பரனோய்ட் பரன்." (பரனோய்ட் என்றால் எல்லாரையும் சந்தேகிக்கிறவன்.)

13 பெப்ரவரி, புதன்

ஏன் அந்தக் கடைசி வரி. ஏன் ஏன் ஏன்.

ஃபோலா என்னைக் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினாள். "பரனோய்ட் பரன்? உன்னைத் தவிர உலகத்தில ஆர் இப்பிடி எழுதுவினம்?" நான் கை துடைக்கிற பேப்பரை இழுத்தேன். "அந்த மெயிலைப் பார்த்திட்டு அப்பா முதல் சந்தோசத்தில அழுதார். கடைசி வரி வாசிச்சபிறகு வேற மாதிரி அழுதார். எங்கட அப்பப்பாவை வைச்சு விளையாடினனியே?"

விளையாடேல்லை எண்டு சொல்ல வேணும். சொன்னால் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாள். கேட்டால் அப்பா. எல்லாப் பக்கமும் அப்பா.

நான் சொன்னது: "பகிடிக்கு."

அவள் அடித்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

14 பெப்ரவரி, வியாழன்

அப்பா வேலையால் வந்து ஜாக்கெற் கழற்றமுதல் முழுவதையும் சொன்னேன். ஒரு பகிடியும் இல்லாமல். அது எவ்வளவு கஷ்டம்.

"என்னெண்டு கையெழுத்து வைச்சனீ?"

"பரனோய்ட் பரன்."

அவர் சிரிக்கவில்லை. கதிரையில் ஜாக்கெற்றோடேயே இருந்தார்.

"என்ர பேரில பதில் எழுதமுதல் என்னைக் கேட்டிருக்க வேணும்."

"நீங்கள் எழுத மாட்டியள்தானே அப்பா."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை," என்றார்.

16 பெப்ரவரி, சனி

ரி-பானே என்கிற சுரங்க ரயிலில் அப்பாவும் நானும் எதிரெதிரே. குறொன்லாண்ட் வருமட்டும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. இங்கிலிசில் பாடமாக்குகிறார் போல. என் அப்பா, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

கதவைத் திறந்தது ஃபோலா. என்னைப் பார்த்துவிட்டு மூடப் பார்த்தாள். பின்னால் அவளுடைய அப்பா வந்தார். என் அப்பா தொப்பியைக் கழற்றினார், படியிலேயே நின்று சொன்னார்:

"எனக்குப் பிறகு வந்தவன் நான்தான்."

அவர்களுக்கு விளங்கவில்லை. அப்பா தன் பேரை முழுக்கச் சொன்னார், மெதுவாக, இரண்டாகப் பிரித்து, வாய் வராத பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி. தயா. பரன்.

மிஸ்டர் ஃபரன்மியின் முகத்தில் நடந்ததை எழுத எனக்குத் தமிழும் போதாது நோர்ஸ்க் மொழியும் போதாது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. படியில் வைத்தே எல்லாம். கலவரம், லாகோஸ், அரிசிப் பேணி. அப்பா கொழும்பை இரண்டே வசனத்தில் முடித்தார். அதைத்தான் நீட்டுவார் என்று நினைத்திருந்தேன். திறப்புக் கதையைத்தான் நீட்டினார்.

"என்ர அப்பா திறப்பைக் கேட்டவரோ?"

"கேட்டவர். நான் குடுக்கேல்லை."

"அண்டைக்கு உங்கட வீட்டில உங்களை பிரின்சிபல் எண்டு கூப்பிட்டனான்."

"ஓம். அதுக்காகத்தான் பொய் சொன்னனான்."

மிஸ்டர் ஃபரன்மி உள்ளே போய்விட்டார். தண்ணிக் குழாய் திறந்த சத்தம் கேட்டது. கனநேரம் ஓடியது. நாங்கள் போகவா நிற்கவா தெரியாமல் நின்றோம். ஃபோலா கதவைப் பிடித்தபடி என் சப்பாத்தையே பார்த்தாள்.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நீங்கள் சொன்னதை அப்பிடியே போடுவன். உங்கட பேரோட."

"ரெண்டு பேரையும் போடுங்கோ," என்றார் அப்பா.

திரும்பி வரும்போது அப்பா தொப்பியை மடியில் வைத்திருந்தார். மோர்டென்ஸ்ருட்டில் இறங்கினபோது கேட்டார்: "மோர்-தேன்-ரொட்டி எண்டு நீதானே சொல்லுறனீ?"

"ஓம் அப்பா."

"பரவாயில்லை," என்றார்.

3 மார்ச், திங்கள்

ஃபோலா இடம் மாறி யன்னல் பக்கம் போய்விட்டாள். கோப்பி மெஷின் பாதுகாப்பாக இருக்கிறது.

24 மே, சனி

மலர் வந்தது. பதினைந்தாம் பக்கம்.

ஐந்தாவது: மிஸ்டர் கனகரத்தினம் தயாபரன், மாணவர் வாயில் தாயோ பரன், பதில் அதிபர், 1981–83. அவர் காலத்தில் வினாத்தாள் வெளியானது. "துணை அதிபர் ஃபரன்மி திறப்பைப் பொறுப்பேற்கக் கேட்டார். நான் மறுத்தேன். தவறு என்னுடையது" என்று ஒஸ்லோவில் அவர் கூறினார்.

அதற்குப் பின்னால் வந்த அதிபர்கள் எல்லாரும் ஒவ்வொரு இலக்கம் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்தில் துணை அதிபரின் படம். ஃபோலாவின் காது அவருக்கு.

மலர் எங்கட தபாற்பெட்டியில் வரவில்லை. நேற்றுப் பின்னேரம் என் பைக்குள் கிடந்தது. யாரோ பையைக் கிண்டியிருக்கிறார்கள். இந்தக் கொப்பியும் வேறு பக்கத்தில் திறந்து கிடந்தது. ஒரு ழ-வைச் சுற்றிப் பேனையால் வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இதை எழுதும்போது வீட்டுப் போன் அடித்தது. எங்கள் வீட்டில் போன் எடுப்பது அம்மா. இன்றைக்கு அப்பா எழும்பிப் போனார். கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, நான் அறியாத ஒரு குரலில், இங்கிலிசில்:

"யெஸ், மிஸ்டர் ஃபரன்மி. தாயோ பரன்தான் பேசுகிறேன்."