ராசியான கியர்பாக்ஸ்

மச்சான்,

இன்றைக்குக் கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே யாரோ கியர்பாக்ஸைக் கழற்றி ஆயிலை வடித்தார்கள். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. மல்லிகைப்பூ வாசனைக்குப் பொண்டாட்டி ஞாபகம் வருகிறவன் உண்டு. எனக்குக் கியர் ஆயிலுக்கு நீ வருகிறாய். என் தலையெழுத்தைப் பார்.

நம் சிதம்பரம் டாக்ஸி ஸ்டாண்டில் சொந்த வண்டி வைத்திருந்தவன் நீ ஒருத்தன்தான். நாங்களெல்லாம் முதலாளி வண்டி ஓட்டிகள். 2006ல் உன் பழைய காரில் செகண்ட் கியர் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. முகூர்த்த மாசம் வேறு வந்துவிட்டது. கல்யாண ஓட்டங்களைத் தவறவிட்டால் வருமானமில்லாமல் வண்டியே கைவிட்டுப் போய்விடும்.

"கடன ஒடன வாங்கி புதுசே போடு மச்சான்" என்றேன். நீ என்னைக் காயலான் கடைக்கு இழுத்துப் போனாய். கடைக்காரர் ஒரு பழைய கியர்பாக்ஸைத் தட்டிக் காட்டினார்.

"பொண்ணு மாப்பிள்ளைய ஏத்துன வண்டியில கழட்டுனது தம்பி. ஒரு சாவு ஓட்டம்கூட போனதில்ல."

நம் ஸ்டாண்டு வழக்கமே அதுதானே. பழைய சாமான் என்றால் எந்த வண்டியில் கழற்றியது என்றுதான் முதலில் கேட்போம். அடிபட்ட வண்டி என்றால் தொடமாட்டோம். நீ அதை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிட்டாய்.

"மூடியத் தொறந்து கியர் பல்லப் பாருடா. பொண்ணு பாக்கப் போனாக்கூட சிரிக்கவச்சுப் பல்லப் பாக்குறாங்க."

"போடா. புதுசோட ராசி யாருக்குத் தெரியும்? இது ராசியான சாமான்" என்றாய்.

அதை மாட்டிய கையோடு அண்ணாகிராமத்துக் கல்யாணப் பெண்ணை மண்டபத்துக்கு ஏற்றி வரும்போது, புவனகிரி தாண்டியதும் பல் ஒடிந்து கியர் இறுகிவிட்டது. மாலை கட்டிய காரை ஓரம்கட்டி, பெண்ணை ஆட்டோவில் ஏற்றினார்கள். நேரத்துக்குத் தாலி ஏறியது. அந்தப் பெண் இன்றும் நன்றாகத்தான் வாழ்கிறாள். ஆனால் அவள் சித்தப்பா மண்டப வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ராசி கெட்ட வண்டி. நல்லதுக்கு இத யாரும் கூப்புடாதீங்க."

பிறகு கடன் வாங்கிப் புது கியர்பாக்ஸே மாட்டினாய். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. ஏறத்தான் ஆளில்லை. ராசியை நம்பி நீ சாமான் வாங்கினாய். அதே ராசியைச் சொல்லி ஊர் உன்னை ஒதுக்கியது. காரை விற்றாய். செம்மங்குப்பத்துக்கு ஆள் ஏற்றும் வேனில் சம்பளத்துக்குப் போனாய். அதற்குப் பிறகு நான் எவ்வளவு கிண்டல் பண்ணினாலும் நீ திருப்பித் திட்டியதே இல்லை. போன வருஷம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

உன் சாவுக்கு அந்தச் சித்தப்பாவும் மாலையோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்ல மனுஷன் தம்பி" என்றார். ஊரையே ஓட்டுகிற நான், அன்று அவர் மாலையை வாங்கி உன்மேல் போட்டேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது உனக்குத்தான் எழுதுகிறேன் மச்சான்:

"இத அன்னைக்கி மண்டப வாசல்ல சொல்லியிருக்கலாமே பெரியவரே?"