முன் சீட்டில் ராமமூர்த்தி

பிப். 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. முன் கண்ணாடி துடைக்கத் துணி தேடியே அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் பழைய வேட்டியைக் கிழித்தேன்.

வண்டிக்கு: வைப்பர் ரப்பர், பின் டயருக்குக் காற்று, இடப்பக்கக் கதவுப் பூட்டு. பேட்டரி அடுத்த மாதம்தான்.

உரக்கடைக்கு யூரியா இரண்டு மூட்டை ஏற்றினேன். அதற்கே மூச்சு வாங்குகிறது. எண்ணூறு சி.சி. கார் என்றால் இவ்வளவுதான். சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது. எதிரே பஸ், ஒதுங்க இடமில்லை, நெல்மேல் ஏறிவிட்டேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஓர் அம்மா. வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ராமமூர்த்தி இன்னும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். ஈரல். ஒன்பது நாளாகச் செல்வி புருஷன் பக்கத்திலேயே கிடக்கிறாள். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்கிறாள் சரோஜா. பார்க்கப் பயமாக இருக்கிறது. பெண்டாட்டியிடம் அதைச் சொல்ல முடியுமா? கடையில் வேலை என்றேன்.

பிப். 5, வியாழன்

வெயில். பன்னிரண்டு மணிக்குச் செல்வி போன். "அண்ணே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. வண்டி எடுத்துட்டு வாங்கண்ணே. நம்ம வீட்டுக்குள்ள கொண்டு போயிடுன்னுதான் இவங்க முனகிக்கிட்டே இருக்காங்க."

எங்கள் தெருவில், வெளியே உயிர் போனவரை நிலைப்படி தாண்ட விடமாட்டார்கள். வாசலோடு சரி. ரா.மூ. அந்த வீட்டைச் சிறுகச் சிறுகப் பதினோரு வருஷம் கட்டினார். பெரிய வண்டி எதுவும் எங்கள் வாய்க்கால் பாலத்தில் திரும்பாது. போனேன்.

பின் சீட்டில் அவரைக் கிடத்த நீளம் போதவில்லை. முன் சீட்டைச் சாய்த்து உட்காரவைத்து பெல்ட் போட்டோம். பின்னால் செல்வி, அவள் தம்பி, துணி மூட்டை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

மேம்பாலம். ஏ.சி.யை அணைத்தேன். மூன்றாவதில் இழுக்கவில்லை, இரண்டாவது போட்டேன். முப்பதுகூடப் போகவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் மேல் ஹாரன். "ஏறித் தொலை சனியனே" என்று வாய்விட்டே வண்டியைத் திட்டினேன். அப்போது ரா.மூ.வின் கை நழுவிக் கியர்மேல் விழுந்தது. எடுத்து அவர் மடியில் வைத்தேன். கனத்தது. பாலம் இறங்கும்வரை ஓரக்கண்ணால் மார்பைப் பார்த்தேன். அசைவே இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாபேட்டை தாண்டியதும் செல்வி எட்டி, அவர் காதருகே பேசினாள். தம்பி தூங்கிப்போயிருந்தான். நான் கேட்காதவன்மாதிரி ஓட்டினேன். எல்லாம் கேட்டது. "ஏங்க, பொங்கலன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன், நீங்க ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதின்னு. மனசுல வச்சுக்காதீங்க. என்னங்க, சரின்னு சொல்லுங்க."

தெருவில் கூட்டம். ஒரு பெரியவர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். "உயிரு இருக்கா?"

"இருக்கு, சீக்கிரம் உள்ள தூக்குங்க" என்றேன். தூக்கினார்கள். கூடத்தில் கிடத்தி வாயில் பால் விட்டார்கள். பிறகு அழுகைச் சத்தம். நான் வண்டியைத் திருப்பி எங்கள் வாசலில் விட்டேன்.

பிப். 6, வெள்ளி

எடுத்தாயிற்று. கடை பூட்டு. சோறு இறங்கவில்லை.

ஏ.சி.யை முன்னாலேயே அணைத்திருந்தால்? வேறு எவன் வண்டியாவது கேட்டிருந்தால்? மேம்பாலத்திலிருந்து வீடு அரை மணி நேரம், எந்த வண்டியானாலும் முடிந்திருக்காது. தெரிகிறது. மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

சரோஜா: "அதை வித்துத் தொலைங்க. இனிமே நான் அந்த சீட்டுல உக்கார மாட்டேன்."

பிப். 9, திங்கள்

மேகம். மழை வந்தால் ரோட்டில் கிடக்கும் நெல் அத்தனையும் போச்சு. சாவி ஆணியிலேயே தொங்குகிறது. கடைக்கு நடந்தேன். முட்டி வலி.

பிப். 12, வியாழன்

மழை வரவில்லை. செல்வி கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோரம் வந்தாள்.

"அண்ணே, கார்ல நான் பேசினது அவங்க காதுல விழுந்திருக்கும்ல?"

"விழாம என்னம்மா."

"சரின்னு சொல்லுங்கன்னேன். தலையாட்டினாங்க. ரெண்டு தடவ. நீங்களும் பாத்தீங்கள்ல?"

"பாத்தேம்மா. நல்லாப் பாத்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது போதும்ணே" என்றாள். இன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு தின்றாளாம், சரோஜா வந்து சொன்னாள்.

சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். அம்மாபேட்டை தாண்டி அவள் பேசிய இடத்தில் சாலை முழுக்கப் பள்ளம். கியரைக் குறைக்காமல் மிதித்துவிட்டேன். வண்டி இழுக்க முடியாமல் உதறியது. இரண்டு தடவை.