ஆட்சேபணைக்கு இடமில்லாத படிவம்

சென்னை, 14.6.2010

அன்புள்ள அப்பாவுக்கு ஜான்சியின் தோத்திரம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

அரசாங்கம் நிலம் வாங்குவதைச் சீக்கிரமாக்க எங்கள் அலுவலகத்தில் புதுப் படிவம் தயாராகிறது. தட்டச்சு செய்தது நான்தான். "ஆட்சேபணை எழுத எடமே இல்லியே சார்?" என்று கேட்டேன்.

"அத எடுத்ததாலதாம்மா வேகம்" என்றார் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழை வாய் திறக்கும் நேரம்தான் இவர்களுக்குத் தாமதம்.

பயப்படாதீர்கள், வாங்கப்போகும் நிலங்களின் பட்டியலில் சேத்தியாத்தோப்பில் இருக்கும் நம் ஒரு காணியும் வந்திருக்கிறது. அதை விட்டால் நமக்கு வேறு நிலமில்லை. படிவம் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போன தடவை அளக்க வந்தவர் உங்களை "ஐயா" என்று கூப்பிட்ட சந்தோஷத்திலேயே போட்டுவிட்டீர்கள். இந்த முறை, விற்க விருப்பமில்லை என்று வெள்ளைத்தாளில் எழுதி எங்கள் அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதிகாரி வருகிறார், முடிக்கிறேன். அந்த உறைக்குள்ளேயே இன்னொரு தாளில் வீட்டு விஷயம் நாலு வரி எழுதி வையுங்கள் அப்பா. இங்கே வரும் தபாலையெல்லாம் பிரிப்பது நான்தான்.

உங்கள் மகள்,
ஜான்சி