எதையும் தாங்காத பச்சை நூல்

என் செங்காங் வீடு முழுக்க எபோக்சிப் பூச்சின் வாடை. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. உன் தூண்டில் கோல் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே படுத்திருக்கிறது. பூச்சு ஒரு பக்கமாக வழிந்துவிடாமல் இருக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைப் புரட்டி வைக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் உனக்கு எழுதுகிறேன்.

நீ போய் ஒன்பது மாதம். தெம்பனிஸில் ஒரு காலை ஓடிக்கொண்டிருந்தாய். மூச்சு வாங்க உட்கார்ந்தாய். எழவில்லை.

கோலை உன் அம்மாதான் கொடுத்தார். தேக்கா சந்தைக்கு மேலே இருக்கும் உங்கள் வீட்டில், கதவுக்குப் பின்னால், நீ பிளாஸ்டிக் குழாயில் செய்த உறைக்குள் அது நின்றது.

"நான் இத வச்சு என்னப்பா செய்யப் போறேன். நீயாவது கொண்டு போ." பிறகு வழக்கமான குறையையும் சொன்னார். "கீழ எறங்குனா மார்க்கெட்டு. கூடை கூடையா மீனு. அதத் தாண்டிப் போயி, எம்ஆர்டி ரயில் ஏறி, பொங்கோல் வரைக்கும் போயி, கைய வீசிக்கிட்டு வருவான்."

கையை வீசிக்கொண்டு வந்தது உண்மைதான். பாதி ஞாயிறுகளில்.

சிங்கப்பூர் ராணுவத்தில் தேசிய சேவை செய்தபோது உன் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்தில் இருந்தன. அதன்பின் நான் பல்கலைக்கழகம் போனேன், நீ லிஃப்ட் பழுது பார்க்கப் போனாய். ஞாயிறு மட்டும் மாறவில்லை. நீ லிட்டில் இந்தியாவில் முதல் பெட்டியில் ஏறுவாய். நான் செங்காங்கில் அதே பெட்டியில். என் கையில் புத்தகம் இருக்கும். பொங்கோல் படகுத்துறையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைப் பார்ப்பேன். நீ வீசும்போது உடம்பில் ஒரு அசைவும் வீணாகாது. அப்படி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று நினைப்பேன். உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய்.

கைப்பிடிக்குச் சற்று மேலே, கோலைச் சுற்றி ஒரு பச்சை நூல் கட்டு. அம்மாவின் ரவிக்கை நூல். பிடித்த மீனின் வாலைக் கைப்பிடியின் அடிமுனையில் வைத்துக் கோலோடு நீட்டுவாய். மூக்கு பச்சையைத் தொட்டால் பைக்குள். தொடாவிட்டால் கடலுக்குள்.

"இது இன்னும் ஸ்கூலே முடிக்கல லா. போகட்டும்."

அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. ஒருமுறை, நாலு மணி நேரம் ஒன்றுமே சிக்காத நாளில், ஒரு கொடுவா பச்சைக்கு அரை விரல் குறைவாக இருந்தது. "அரை விரல்தானடா, வச்சுக்க" என்றேன். நீ மீனைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நீ பரிட்சையில அரை மார்க் கேட்டு நின்ன ஆளு, அப்படித்தான் பேசுவ" என்றாய். குனிந்து, தண்ணீருக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாகக் கையைக் கொண்டுபோய் மீனை விட்டாய்.

நான் செய்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

கோலைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களில் இரண்டு துருப்பிடித்திருந்தன. ரீல் உட்காரும் இடம் ஆடியது. அதற்குள் நீ அட்டைத் துண்டு திணித்து, "அடுத்த மாசம் சரி பண்றேன்" என்று மூன்று வருடம் சொன்னாய். நான் காணொளிகள் பார்த்தேன். குறிப்பேடு வாங்கினேன். ஒவ்வொரு வளையமும் இருந்த இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டேன். பிறகு வளையங்களைக் கட்டியிருந்த பழைய நூல்களை எல்லாம் பிளேடால் அறுத்து உரித்தேன். பழைய பூச்சைத் தேய்த்தேன். கோல் வழவழவென்று, எந்தத் தழும்பும் இல்லாமல் வந்தது. பெருமையாக இருந்தது.

தரையைப் பெருக்கும்போதுதான் முறத்தில் பச்சை நூலைப் பார்த்தேன்.

அதன் இடத்தை நான் எழுதவில்லை. அது எந்த வளையத்தையும் தாங்கவில்லை. ஆகவே என் குறிப்பேட்டில் அதற்கு வரி இல்லை.

புகைப்படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் மீனை முன்னால் நீட்டிக்கொண்டு, பச்சையை மறைத்துக்கொண்டு நிற்கிறாய். குத்துமதிப்பாகக் கட்டியிருக்கலாம். ஒரு விரல் இப்படியோ அப்படியோ. ஆனால் அரை விரலுக்காக ஒரு கொடுவாவை விட்டவன் கோலில் எப்படிக் குத்துமதிப்பாகக் கட்டுவது?

அம்மாவிடம் கேட்டேன். "நீளமெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஒரு மீனும் என் சட்டியில அடங்கினதில்ல. தலைய வெட்டித்தான் போடுவேன்." பிறகு தையல் பெட்டியைத் துழாவி அதே பச்சை நூல்கண்டை எடுத்துக் கையில் வைத்தார்.

போன ஞாயிறு, நீ இல்லாமல் முதல்முறை, படகுத்துறைக்குப் போனேன். கோல் இல்லாமல், அம்மா தந்த நூல்கண்டு மட்டும் சட்டைப் பையில். ஏன் என்று தெரியாமல். அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் நின்றிருந்தார். நினைவிருக்கிறதா, தொண்டிப் பக்கத்துக்காரர், நீ மீனைத் திரும்ப விடும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாரே.

"வாங்க தம்பி. எங்க உங்க கூட்டாளி, ரொம்ப நாளா காணோம்?"

சொன்னேன். நரம்பைச் சுற்றி இழுத்தார். பிறகு தன் கோலைத் திருப்பிக் காட்டினார். கைப்பிடிக்கு மேலே பச்சை நூல்.

"அவன் கட்டுனதுதான். நான் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள சுத்திட்டான். எங்க ஊர்ல வலையில ஏறுனா ஏறுனதுதான் தம்பி, இவன் என்னடான்னா மீனுக்கு வயசு பாக்குறான். ரூம்ல ஆறு பேரு கொழம்புக்குக் காத்திருக்கானுங்க. ஒருநா அவுத்து ரெண்டு விரல் கீழ கட்டினேன். அடுத்த ஞாயிறு வந்தான். பாத்தான். அவுத்து மறுபடி பழைய எடத்துலயே கட்டிட்டு, அவன் புடிச்ச மீனத் தூக்கி என் வாளியில போட்டுட்டுப் போயிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இப்ப அவன் இல்லாதப்பவும் சின்னத வச்சுக்கக் கை வரமாட்டேங்குது." கம்பித் தடுப்போரம் கையை நீட்டினார். "அங்க பாருங்க, அந்த மலாய்க்காரப் பெரியவரு. அதுக்கு அந்தாண்ட சீனப் பையன்."

இரண்டு கோல்களிலும் பச்சை.

எத்தனையோ ஞாயிறுகள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து உன்னைப் பார்த்திருக்கிறேன். எப்போது இதைச் செய்தாய்? நான் பக்கம் புரட்டிய நேரத்திலா?

அண்ணனின் கோலில் கைப்பிடியின் அடிமுனையிலிருந்து பச்சை வரை உன் அம்மாவின் நூலையே பிடித்து அளந்தேன். முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை பச்சையைக் கட்டினேன். பூச்சுப் போடும் முன் இழுத்துப் பார்த்தேன், புது வளையங்களில் நரம்பு சத்தமில்லாமல் ஓடியது. ரீல் ஆடவில்லை. அட்டைத் துண்டை எறியவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது. பச்சைக் கட்டு மட்டும் கொஞ்சம் கோணல். உன்னுடையதும் கோணல்தான் என்று நினைக்கிறேன். பூச்சுக்குள் இருண்டு, நனைந்த இலைபோல ஆகியிருக்கிறது.

நாளை ஞாயிறு. பூச்சு முழுதாக இறுக இன்னும் சில நாள் ஆகும், கோலை வீச முடியாது. ஆனாலும் முதல் பெட்டியில் ஏறுவேன். போன வாரம் அண்ணனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து நின்றார், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத கோலோடு. சட்டைப் பையில் நூல்கண்டு இருக்கிறது. அவர் பாத்ரூம் போகும்வரை காத்திருப்பேன்.