வெளியே வராத உன் படம்

இன்று காலை உன் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டேன். குர்ரென்று ஓர் உறுமல், பிறகு பேச்சில்லை. பொத்தானை அமுக்கியதும் படத்தைக் கையில் நீட்ட வேண்டிய கேமரா அது. ஓராண்டாக உன் படத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு அடம்பிடிக்கிறது.

வெள்ளிக்கிழமை உனக்கு முதலாமாண்டு நினைவுநாள். ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் கட்டும்வரை யாரும் முழுதாக இறந்ததாகக் கணக்கில்லை. அதற்கு உன் படம் வேண்டும். தெருவில் பாதிப்பேரைப் படமெடுத்துக் கொடுத்த நீ, கேமராவை அடுத்தவன் கையில் தந்ததில்லை. செல்போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். "கையில வராத படம் என்னலே படம்?"

பட்டாளத்து அடையாள அட்டையில் மீசை முளைக்காத ஒருவன் விறைப்பாக நிற்கிறான். ஆதாரில் இருப்பவரை உன் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. "இது அவிய இல்லண்ணே. போலீசு தேடுத ஆளு மாதிரி இருக்கு."

மிச்சமிருப்பது செண்பகத்தோப்பில் நான் எடுத்த ஒரே படம். போன வருட ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. ஏதோ மனமிரங்கி, வாழ்வில் முதல்முறையாகக் கேமராவை என்னிடம் தந்தாய். மலையடிவாரத்தில் போய் நின்றுகொண்டு ஓயாமல் உத்தரவு போட்டாய். நான் அமுக்கினேன். படம் வரவில்லை.

"ஏலே, ஒரு பொத்தான அமுக்கத் தெரியல. நீயெல்லாம் மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்க!"

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினாய். எனக்குத் தரவில்லை. மறுநாள் கேமராவை என் கடை மேசையில் வைத்தாய். "கெடுத்தவன் நீ, நீயே சரிபண்ணு. பின்மூடியத் தொறந்துராத, வெளிச்சம் பட்டா படம் போச்சு." அடுத்த வாரம் என்றேன். கடைக்கு வரும் எல்லா மோட்டாருக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவை காத்திருக்கும். நீ நாலாவது வாரம் போய்விட்டாய்.

இன்று பேட்டரி மாற்றினேன், பேட்டரி தொடும் தகடுகளைச் சுரண்டினேன், கேமராவைக் குலுக்கக்கூடச் செய்தேன். இனி பின்மூடிதான் பாக்கி. திறந்தால் நீ வெளுத்துப்போவாய். திறக்காவிட்டால் ஆதார்க்காரர் ஃப்ளெக்ஸில் ஏறிவிடுவார். என் விரல் இரண்டுமுறை மூடிவரை போய்த் திரும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த உன் மனைவி குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இந்த இடுக்குல என்ன மஞ்சளா காஞ்சு கெடக்கு?"

சந்தனம். படம் வெளிவரும் இடுக்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடைத்திருந்தது. ஆயுத பூஜையன்று டிரில்லுக்கும் மீட்டருக்கும் வைத்த கையோடு உன் கேமராவுக்கும் வைத்தவன் நான்தான். "போதும்லே, அதென்ன கல்யாணப் பொண்ணா?" என்றாய். குங்குமம் நிற்க வேண்டுமென்று இன்னும் கொஞ்சம் அப்பினேன். ஓராண்டாகப் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊசியில் ஈரத்துணி சுற்றி, ஒரு மணி நேரம் சுரண்டினேன். மறுபடி ஆன் செய்தேன். உறுமிற்று, நின்றது, மறுபடி உறுமிப் படத்தைத் தள்ளிற்று.

வெள்ளையாக இருந்த சதுரத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மலை தெரிவதற்கு முன் உன் வாய் தெரிந்தது. திறந்திருந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாய மூடிரலாம்க்கா. கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிசம்."

"இருவத்தெட்டு வருசமா நான் மூடிப் பாத்துட்டேன், தம்பி. அப்படியே போடுங்க."

நாளை பேருந்து நிலையத்துக்கு எதிரே எட்டடி உயரத்தில் நின்று ஊரை அதட்டுவாய். படம் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. வேலை ஓடவில்லை. எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மேல் ஓரம் வெளுத்திருக்கிறது, உன் கை என்னை நோக்கி நீண்டிருக்கிறது. பாதிச் சொல்லில் நிற்கிறாய். எதிரே நின்று அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. என் கவனமெல்லாம் பொத்தானில் இருந்தது.