அப்பாவின் கீபோர்டில் துளை போடாதே

கண்ணா, அக்கா வீட்டுக்குப் போகிறேன். சோறு அடுப்பின் மேல், சாவி ஜன்னலில்.

காலையில் துளை போடக் கூடாது என்றதற்கு நீ கோபித்துக்கொண்டு போனதும் அப்பாவின் கம்ப்யூட்டர் கீபோர்டு தானாகத் தட்டியது. துடைப்பதற்காகக் கழற்றிய ஒயர் என் கையில்தான் இருந்தது.

“யாரது?” என்றேன். நின்றது.

“பையன் புது ஒயருக்காகத் துளை போடுவான்னுதானே கவலை? போட மாட்டான். நான் பாத்துக்கறேன்.”

நீளப் பட்டன் ஒரு தரம் அமுங்கி எழுந்தது. அப்பா இருந்தவரை, வரி முடித்ததும் அப்படித்தான் தட்டுவார்.

அதனால் கீபோர்டின் உறையில் கை வைக்காதே. இன்னொன்று எங்கும் கிடைக்காது. உன் புது கம்ப்யூட்டரில் சேருவதற்குப் பழைய ஒயரின் முனையில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டிக்கொள், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

அம்மா

டிரில்லைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

மறந்துவிட்டேன்: அந்த அறைக் கதவைச் சாத்தாதே. நான் சாத்திப் பார்த்தேன். தட்டல் கதவுக்கு வந்துவிட்டது.