நீங்கள் செய்த பியர்

அக்கா,

இன்று லொங்குய்யில் எங்கள் அலுவலக விருந்தில் ஒருவர் பெல்ஜியப் பியர்ப் போத்தல் ஒன்றைத் திறந்தார். கராம்பும் கனிந்த வாழைப்பழமும் கலந்த, உங்கள் பியரின் அதே மணம் வந்ததும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் கர்க்லாண்ட் வீட்டின் பேஸ்மென்டில் நீங்கள் பியர் காய்ச்சத் தொடங்கியபோது அத்தான் போன இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "என்ரை மனிசி கள்ளுத் தவறணை திறக்கப்போறா." நீங்களோ பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரியிடம் கேட்டுக் கேட்டுப் பழகினீர்கள். நுரை ஏறுவதற்காகப் போத்தலில் சேர்க்கும் சீனி ஒருமுறை கூடிவிட்டது. போத்தல்கள் வெடித்துச் சுவரெல்லாம் பியர். பயந்து குறைத்தால் நுரையே இல்லை. கடைசியில் ஒருநாள் மூடியைத் திறந்து ஊற்ற, வெண்ணுரை கிளாஸின் விளிம்புவரை எழுந்து நின்றது.

அதன்பிறகு அத்தான் சிரிக்கவில்லை. விருந்தாளிகளுக்குத் தானே ஊற்றிக்கொடுத்து, "நான் செய்தது" என்றார். நீங்கள் ரோல்ஸ் தட்டோடு பக்கத்தில் நின்றீர்கள்.

"ஏனக்கா பேசாமல் நிக்கிறீங்கள்?" என்று குசினி அடுப்படியில் கேட்டேன்.

"ஆர் செய்தால் என்னடி, சனம் சந்தோசமாய்க் குடிக்குதுதானே."

பிறகு உங்களுக்குப் புற்றுநோய் வந்தது. நீங்கள் கடைசியாகக் காய்ச்சிய பியர் புளித்து முடிந்து வாளியில் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே சொல்லித் தந்தீர்கள். "சீனியைத் தண்ணியிலை காய்ச்சி, ஆறவிட்டுக் கல. மொத்தக் கண்ணாடிப் போத்தலிலை அடை, மெல்லிசு தாங்காது. அடைச்சுப்போட்டுப் பேந்து சூடான இடத்திலை வை." அப்படியே அடைத்தேன். நுரை ஏறுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில், வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்கு அத்தான் அந்தப் போத்தல்களைத் திறந்தார். "இதுதான் நான் செய்த கடைசிப் பியர். அவ போனாப்பிறகு மனம் வரேல்லை" என்று கண்ணைத் துடைத்தார். ஒருவர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அது அக்கா செய்தது. எல்லாமே அக்கா செய்தது" என்றேன்.

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் மெல்லச் சிரித்தார். "ஓம், உன்ரை அக்காவும் உதவி செய்தவதான். போத்தல் கழுவித் தாறவ."

அந்த வீட்டுப் படியை நான் பிறகு மிதிக்கவில்லை. அவரில் எனக்கு இருப்பது வெறுப்பு; அது எனக்குப் பழகிவிட்டது. உங்களில் எனக்கு இருக்கும் கோபம்தான் ஆறவில்லை, அக்கா. ஒரே ஒருமுறை நீங்களே சொல்லியிருந்தால், என் சொல்லை நம்ப நாலு பேராவது இருந்திருப்பார்கள். இப்போது உங்களுக்கு நான் ஒருத்திதான் சாட்சி. எங்கே அந்தப் பேச்சு எழுந்தாலும் சொல்லிவிடுகிறேன். சொந்தத்துக்குள் என்னை வாய்க்காரி என்கிறார்கள்.

சொல்லட்டும்.